பால் பண்ணையில சோலார் சுடுதண்ணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணையில மெயின்டனன்ஸ் பாக்குறேன்ங்க. தினம் 10,000 லிட்டர் பால் வர்ற சின்ன பிளான்ட்தான். மொட்டை மாடில சோலார் டியூப் போட்டதுல இருந்து தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஆளாளுக்கு போன் பண்ணி கேக்குறாங்க, எல்லாரும் கேக்குறது சுத்திச் சுத்தி இதே கேள்விங்கதான். அதனால எழுதி வச்சுட்டேன், இனி லிங்க்கை அனுப்பி விட்டுருவேன்.

சோலார்னா கரண்ட் பேனல்தானே? அதுல ஹீட்டர் மாட்டினா ஆகாதா?

ரெண்டும் வேற. மேல விழுற வெயில் 100 பங்குன்னா கரண்ட் பேனல் அதுல சுமார் 20 பங்கைத்தான் கரண்டா மாத்தும். வெயிலை நேரா தண்ணிக்குள்ள சூடா ஏத்துற டியூப் கலெக்டர் 50, 60 பங்கு வரைக்கும் பிடிச்சுக்கும். பிளான்ட்டுக்குத் தேவை சூடு, கரண்ட் இல்ல, அப்புறம் எதுக்கு சுத்தி வளைச்சுப் போகணும், மாடி வேற சின்னதா இருந்தா கேக்கவே வேண்டாம். ஆனா ஹீட் பம்ப்னு (கரண்ட்ல ஓடி, ஒரு இடத்துல இருக்கிற சூட்டை இழுத்து இன்னொரு இடத்துக்கு ஏத்தித் தர்ற மிஷின்) ஒண்ணு வந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைச்சு விட்டுருச்சு, அதைக் கீழ சொல்றேன்.

பால் பண்ணையில எங்கெங்க சூடு வேணும், எவ்ளோ டிகிரி?

இதை முதல்ல உக்காந்து எழுதுங்க, மத்ததெல்லாம் அப்புறம். பாலை பாஸ்டரைஸ் பண்ண, அதாவது கிருமி சாக சூடேத்த, பழைய தொட்டி முறைன்னா 63 டிகிரில 30 நிமிஷம், ஓடுற பிளேட் மிஷின்னா 72 டிகிரில 15 செகண்ட். தயிருக்குப் போற பாலை 85, 90 வரைக்கும் ஏத்துவோம். பன்னீருக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நெய் காய்ச்சுறது 110க்கு மேல போகும். டெட்ரா பாக்கெட்ல மாசக்கணக்கா கெடாம நிக்குற பால் 135, 140 டிகிரியை சில செகண்ட் தாண்டி வந்தது. பால் பவுடர்னா டிரையருக்குள்ள போற காத்தே 180, 200 டிகிரில இருக்கணும்.

இது எல்லாம் பால் படுற சூடு. பால் படாத சூடு ஒண்ணு இருக்கு, அதை யாரும் கணக்குல எடுக்குறதே இல்ல. டெய்லி ஓட்டம் முடிஞ்சதும் பைப்பு, பிளேட்டு, சைலோ எல்லாத்தையும் கழட்டாமலே உள்ளுக்குள்ள ஓட்டிக் கழுவுறோம்ல, சிஐபி, அதுக்கு காஸ்டிக் கரைசல் 70, 75 டிகிரில, ஆசிட் 60, 65ல, கடைசியா வெறும் சுடுதண்ணி 85ல ஓடணும். கேன் கழுவணும், கிரேட் கழுவணும், டாங்க்கர் கழுவணும், தரை கழுவணும். இதுபோக பாய்லருக்குள்ள போற தண்ணி இருக்கு, பச்சைத் தண்ணியை அப்படியே உள்ள விட்டா 30 டிகிரில இருந்து விறகு எரிச்சுத்தான் ஏத்தணும்.

பாத்தீங்கன்னா பாதிக்கு மேல 90 டிகிரிக்குக் கீழதான் இருக்கு. சும்மா மாடில கிடக்குற டியூப் அதைச் சுளுவா குடுத்துரும். ஆனா வழக்கம் என்ன, எல்லாத்துக்கும் பாய்லர்ல 8 கிலோ பிரஷர்ல ஸ்டீம் போட்டு, அதைக் கொண்டுபோய் கேன் கழுவுற தொட்டில ஊதுறது. கொசு அடிக்க கடப்பாரை எடுத்த கதை.

அப்போ பாஸ்டரைசருக்கு சோலார் மாட்டிட்டா வேலை முடிஞ்சுதா?

எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க, நாங்களும் முதல்ல இதைத்தான் நினைச்சோம். கணக்கை நீங்களே பாருங்க.

10,000 லிட்டர் பாலை 4 டிகிரில இருந்து 72க்கு ஏத்த சுமார் 765 யூனிட் சூடு வேணும் (கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட், இங்க சூட்டுக்கும் அதே அளவை வச்சுக்கிறேன், ஒப்பிட சுலபம்). அடேயப்பான்னு தோணும். ஆனா பிளேட் பாஸ்டரைசர்ல ரீஜெனரேஷன்னு ஒரு பகுதி இருக்கு, சூடாகி வெளிய போற பால் உள்ள வர்ற பச்சைப் பாலுக்கு தன் சூட்டைக் குடுத்துட்டுப் போகும், நடுவுல ஒரு தகடுதான். நல்ல மிஷின்ல இது 90 சதவீதம் வரைக்கும் மிச்சம் பண்ணும். அப்போ வெளியில இருந்து நாம குடுக்க வேண்டியது வெறும் 76 யூனிட்!

இப்போ கழுவுற தண்ணிக்கு வாங்க. எங்க பிளான்ட்டுல தினம் சுமார் 5,000 லிட்டர் சுடுதண்ணி கழுவுறதுக்குப் போகுது. 28ல இருந்து 75க்கு ஏத்தினா 273 யூனிட். பாஸ்டரைசரைவிட மூணரை மடங்கு, அதுவும் இந்தத் தண்ணி சாக்கடைக்குத்தான் போகுது, திரும்பி வராது. கழுவுற தண்ணி 75 இல்லாம 70ல வந்தாலும் கூட ஒரு 5 நிமிஷம் சேத்து ஓட்டிச் சமாளிக்கலாம், பாஸ்டரைசர்ல 72க்கு ஒரு டிகிரி குறைஞ்சாலும் எஃப்டிவி வால்வு பட்டுன்னு திரும்பி பாலைப் பழையபடி பேலன்ஸ் டேங்க்குக்கே அனுப்பிரும், லைன் நின்னுரும். வெயில் மேகத்துக்குள்ள போய் போய் வர்ற சமாச்சாரம், அதைக் கொண்டுபோய் பிளான்ட்டுலயே ரொம்பக் கறாரான இடத்துல மாட்டி என்ன பண்றது?

அதனால என் வரிசை இதுதான், யார் கேட்டாலும் இதைத்தான் சொல்றேன்: முதல்ல கழுவுற தண்ணி, ரெண்டாவது பாய்லர் ஃபீட் வாட்டர், மூணாவது தயிர், பன்னீர் பாலை முன்கூட்டி சூடேத்துறது, பாஸ்டரைசர் கடைசி. ரீஜெனரேஷன் இல்லாத தொட்டி முறையில பண்ற சின்ன பண்ணைக்கு மட்டும் கதை வேற. அங்க 1,000 லிட்டரை 4ல இருந்து 63க்கு ஏத்த 66 யூனிட் முழுசா குடுத்தாகணும், அதனால பாலுக்கே சோலார் நியாயமா இருக்கும்.

ஃபீட் வாட்டருக்கு என்ன லாபம்?

பாய்லருக்குள்ள போற தண்ணி 30க்குப் பதிலா 80ல போனா எரிபொருள் சுமார் 8 சதவீதம் மிச்சம். பழைய ஃபோர்மேன்ங்க 6 டிகிரிக்கு 1 சதவீதம்னு விரல்ல எண்ணிச் சொல்லுவாங்க, அதே கணக்குதான். ஆனா ஸ்டீம் ட்ராப்புல இருந்து வர்ற கண்டென்சேட் தண்ணியை, அதாவது ஸ்டீம் சூட்டைக் குடுத்துட்டுத் திரும்பத் தண்ணியானதைத், தரைல கொட்டிட்டு இருந்தீங்கன்னா முதல்ல அதைப் பிடிச்சு ஃபீட் டேங்க்குக்குத் திருப்புங்க. அதுக்கு வேண்டியது நாலு லென்த் பைப்பும் ஒரு வெல்டரும்தான், சோலார் வேண்டாம்.

எந்த கலெக்டர் வாங்கணும்?

மூணு ஜாதி இருக்கு. ஒண்ணு பிளாட் பிளேட், கறுப்பு பூசின செம்புத் தகடு, மேல கண்ணாடி, ஒரு பெட்டி மாதிரி. 60 டிகிரி வரைக்கும் நல்லா உழைக்கும், 20 வருஷம் தாங்குறதைப் பாத்திருக்கேன், 75, 80க்குப் போறப்போ கண்ணாடி வழியா சூடு வெளிய கசிஞ்சு திறமை இறங்கிரும். ரெண்டாவது வேக்குவம் டியூப், ரெட்டைக் கண்ணாடிக் குழாய், ஃபிளாஸ்க் மாதிரி நடுவுல காத்து இருக்காது. 80, 90 வரைக்கும் தைரியமா போகலாம், விலையும் குறைவு, உடையுறதுதான் தொல்லை. மூணாவது கண்ணாடி வச்சு வெயிலைக் குவிக்கிற ஜாதி, டிஷ், நீளத் தொட்டி எல்லாம். 100க்கு மேல ஸ்டீம், பிரஷர் தண்ணி வேணும்னா இதுதான் வழி.

குவிக்கிறதுல ஒரு விஷயம் யாரும் விக்கும்போது சொல்றதில்ல. அது நேரா வர்ற வெயிலைத்தான் பிடிக்கும். மேகம், ஈரக்காத்து, தூசில சிதறி நாலா பக்கமும் வர்ற வெளிச்சம் அதுக்கு உதவாது. நம்ம ஊர் கடலோரத்துல வானம் வெள்ளையா மங்கலா இருக்குமே, கண்ணு கூசும் ஆனா நிழல் கூர்மையா விழாது, அந்த மாதிரி நாள்ல டிஷ் படுத்துரும், டியூப் பாட்டுக்கு வேலை செஞ்சுட்டு இருக்கும். தமிழ்நாட்டுல மொத்த வெயில் வருஷ சராசரியா சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட்டுக்கு மேல தாராளமா வருது, ஆனா அதுல நேர் வெயிலோட பங்கு ராஜஸ்தான், குஜராத் அளவுக்கு இல்ல. அங்க ஓடுற மாடலை போட்டோ பாத்துட்டு இங்க ஆர்டர் பண்ணாதீங்க.

இந்தியாவுல யாராவது டிஷ் வச்சு பால் காய்ச்சி இருக்காங்களா?

இருக்காங்க. மகாராஷ்டிராவுல லாத்தூர்ல மகானந்த் பால் பண்ணையில 2000களோட நடுவுல அருண் 160னு ஒரு பெரிய டிஷ் வச்சாங்க. ஐஐடி பாம்பேயும் க்ளிக்னு ஒரு கம்பெனியும் சேந்து உருவாக்கினது. 160 சதுர மீட்டர், ஒரே தூண் மேல நின்னுட்டு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் சூரியன் பின்னாடியே திரும்பும். பெயின்ட் அடிச்ச மாதிரி வழவழப்பான கிண்ணம் இல்ல, சின்னச் சின்ன தட்டைக் கண்ணாடிங்களைக் கோணம் பாத்து அடுக்கி வச்சது. தண்ணியை பிரஷர்ல வச்சு 180 டிகிரி வரைக்கும் ஏத்தி, காப்பு போட்ட டேங்க்ல சேத்து வச்சு, அந்த சூட்டுல பாஸ்டரைஸ் பண்ணாங்க. கீழ தூணுக்கு வேண்டியது 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம்தான், மத்ததெல்லாம் ஆகாசத்துல. அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், பண்ணைல லாரி திரும்ப இடம் விடாம கலெக்டர் போட்டுட்டு முழிக்கிறவங்களைப் பாத்திருக்கேன்.

வெளிநாட்டுலன்னா ஸ்விட்சர்லாந்துல சேன்யெலெஜியேங்கிற மலை ஊர்ல எம்மி கம்பெனியோட சீஸ் ஆலைல 2012ல 627 சதுர மீட்டர் நீளத்தொட்டிக் கண்ணாடி கூரை மேல வச்சாங்க, 100 டிகிரிக்கு மேல சூடு எடுத்தாங்க. பனி பேயுற ஊர்லயே! பிரான்ஸ்ல வெர்டன்ல லாக்டாலிஸ் கம்பெனியோட மோர்த்தண்ணி பவுடர் ஆலைக்கு 15,000 சதுர மீட்டர் அளவுல சாதாரண பிளாட் பிளேட்டையே பரப்பி வச்சிருக்காங்க, டிரையருக்குப் போற காத்தை முன்கூட்டி சூடேத்துறதுக்கு. அங்க டிரையருக்கு முழு சூட்டையும் சோலார் குடுக்கல, முதல் படியை மட்டும் அது தூக்கிக் குடுக்குது, மேல உள்ளதைப் பழைய எரிபொருள் பாத்துக்குது. நம்ம ஆளுங்க இதைப் புரிஞ்சுக்கணும், சோலார் போட்டா பாய்லரைக் கழட்டி எடைக்குப் போட்டுரலாம்னு நினைக்கிறவங்க நிறைய.

பாலை நேரா டியூபுக்குள்ள விட்டா ஒரு பிளேட் மிச்சம் தானே?

வேண்டவே வேண்டாம். பால் சூடான சுவத்துல பட்டா புரதமும் உப்பும் படிஞ்சு பால் கல்லு கட்டும், வீட்டுல பால் பாத்திரம் அடி பிடிக்குதே அதே சங்கதி, ஆனா உள்ள கைவிட்டுத் தேய்க்க முடியாது. வெயிலுக்கு ரெகுலேட்டர் கிடையாது, ஒரு நிமிஷம் 65, அடுத்த நிமிஷம் 88. ஒரு துளி பச்சைப் பால் சரியா காயாம கலந்தாலும், பால் சரியா பாஸ்டரைஸ் ஆச்சான்னு பாக்குற பாஸ்பட்டேஸ் டெஸ்ட்ல மாட்டும். சோலார் சுத்துல தண்ணி மட்டும் ஓடட்டும், அது பிளேட் வழியா பாலுக்கோ கழுவுற தண்ணிக்கோ சூட்டைக் குடுக்கட்டும்.

பால் காலைல 6 மணிக்கு வருது, வெயில் 10 மணிக்குத்தான் ஏறுது. எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி, ரொம்பப் பேர் இதைக் கேக்காமலே அட்வான்ஸ் குடுத்துர்றாங்க. சொசைட்டிப் பால் காலைல 6ல இருந்து 9க்குள்ள வந்து இறங்கும், அப்புறம் சாயங்காலம் ஒரு ரவுண்டு. கழுவுறது பகல்ல பாதி, ராத்திரில பாதி. வெயில் 10ல இருந்து 3 வரைக்கும். அப்போ இன்னைக்கு மத்தியான வெயிலை நாளைக்குக் காலைல கேன் கழுவ எடுத்து வைக்கணும், அதுக்கு டேங்க்.

எங்களுக்கு 6,000 லிட்டர் டேங்க், நின்ன வாக்குல, தரைல. மேல சூடு, அடில பச்சை, கலக்காம இருக்கணும், அதனால சூட்டை மேல இருந்து எடுத்து பச்சைத் தண்ணியை அடில மெதுவா விடணும். குண்டா படுக்க வச்ச டேங்க்ல இது நடக்காது, எல்லாம் கலந்து வெதுவெதுன்னு ஆகிரும். நல்லா கனமா ராக்வுல் (சூடு வெளிய போகாம தடுக்குற பஞ்சு) சுத்தி, மேல அலுமினியத் தகடு போட்டு மூடினா ராத்திரி முழுக்க 2, 3 டிகிரிதான் இறங்கும். அதுக்கு மேல இறங்குச்சுன்னா டேங்க்கைத் திட்டாதீங்க, மாடில இருந்து வர்ற பைப்பைத் தொட்டுப் பாருங்க. எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, சாயங்காலம் 78 இருந்தது காலைல 66. டேங்க் காரணம் இல்ல, ராத்திரி தண்ணி தானா பைப்பு வழியா மேல ஏறி டியூபுக்குள்ள போய் ஆறி திரும்பி வந்திருக்கு, பகல்ல நடக்குறதுக்கு நேர் எதிரா! 600 ரூபாய் நான்-ரிட்டர்ன் வால்வு ஒண்ணு மாட்டினதும் நின்னுருச்சு. அதுல இருந்து எங்க பாய்லர்க்காரர் டெய்லி காலைல 5.30க்கு வந்ததும் முதல்ல டயலைப் பாத்து சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வைப்பார், முந்தின நாள் நம்பரை அழிக்காம பக்கத்துலயே. ஒரு வாரத்து நம்பரைச் சேத்துப் பாத்தா என்ன கெட்டுருக்குன்னு ஆட்டோமேஷன் இல்லாமலே தெரிஞ்சுரும்.

மழைக்காலத்துல?

பாய்லர் ஓடும். ஐப்பசி, கார்த்திகைல அடைச்சுட்டு பேஞ்சா டேங்க் 40, 45லயே நிக்கும், அதையும் வீணாக்காம பாய்லருக்கு ஃபீட்டா விடுங்க, 28க்கு 45 மேல்தானே.

எவ்ளோ செலவு, போட்ட காசு எப்போ திரும்பும்?

எந்த எரிபொருளை எரிக்கிறீங்கங்கிறதுலதான் பதிலே இருக்கு. நான் ஒரு மாதிரிக் கணக்கு போடுறேன், ரேட்டை உங்க ஊருக்கு மாத்திக்குங்க.

100 சதுர மீட்டர் டியூப் கலெக்டர், நல்ல நாள்ல சதுர மீட்டருக்கு பைப்பு நட்டம், டேங்க் நட்டம் போக 2.5 யூனிட் கையில வந்தா மொத்தம் 250 யூனிட். இதையே டீசல் பாய்லர்ல எடுத்தா: ஒரு லிட்டர்ல சுமார் 10 யூனிட், பாய்லர் திறமை 80 சதவீதம், அப்போ 31 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னா ஒரு நாளைக்கு 2,850 ரூபாய். வருஷத்துல 300 நாள் வெயில்னு வச்சா எட்டரை லட்சம். டேங்க், பைப்பு, பம்ப் எல்லாம் சேத்து சதுர மீட்டருக்கு 12,000 ரூபாய்னு வச்சா முதலீடு 12 லட்சம். ஒண்ணரை வருஷத்துல போட்டது வந்துருச்சு.

இப்போ விறகு. ஒரு கிலோ காஞ்ச விறகுல சுமார் 4 யூனிட், விறகு பாய்லர் 65 சதவீதம், அப்போ 96 கிலோ. கிலோ 5 ரூபாய்னா ஒரு நாளைக்கு 480 ரூபாய், வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம்கூட வரல. அதே 12 லட்சம் திரும்ப 8 வருஷத்துக்கு மேல ஆகும். எங்க முதலாளி போட்டப்போ நாங்க டீசல்ல இருந்தோம், அதனால தப்பிச்சோம். விறகு பாய்லர் வச்சிருக்கிற பண்ணைக்காரர் யாராவது கேட்டா நான் முகத்துக்கு நேராவே சொல்லிருவேன், காசுக்காக மட்டும்னா அவசரப்படாதீங்கண்ணா, விறகு ஈரமா வர்றது, ஆள் கிடைக்காதது, புகைன்னு பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ளைன்ட் குடுக்குறது, இதெல்லாம் உங்களுக்குத் தலைவலியா இருந்தா மட்டும் பாருங்கன்னு. சோலார் விக்கிறவர் எப்பவுமே டீசல் கணக்கைத்தான் காட்டுவார்.

வரில சலுகை இருக்கு, தேய்மானக் கழிவு. 2017 வரைக்கும் சோலார் சாதனத்துக்கு 80 சதவீதம் வரைக்கும் இருந்தது, அப்புறம் 40 ஆச்சு. லாபத்துல ஓடுற கம்பெனிக்குத்தான் இது உபயோகம், உங்க ஆடிட்டர்ட்ட உக்காந்து பேசுங்க. மானியத்தை நம்பி திட்டம் போடாதீங்க, வந்தா போனஸ்.

எங்க போர் தண்ணி உப்பு. டியூப் தாங்குமா?

தாங்காது. இது எங்க சொந்தக் கதை. போட்டுக் குடுத்த ஆள் போர் தண்ணியை நேரா டியூபுக்குள்ள ஓட விட்டுட்டுப் போயிட்டார், எங்க தண்ணி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1,400. முதல் ஆறு மாசம் ஜோரா 75, 78 குடுத்துச்சு. எட்டாவது மாசம் 60 தாண்டல. வெயில் கம்மி, தூசின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம், டியூபை எல்லாம் ஷாம்பு போட்டுத் துடைச்சோம். கடைசில டியூப் எல்லாம் சேர்ற மேல் குழாய், அந்த ஹெடரைக் கழட்டிப் பாத்தா உள்ள முட்டை ஓடு மாதிரி வெள்ளையா கெட்டியா ஒரு அடுக்கு, ஸ்க்ரூ டிரைவரால குத்தினாத்தான் பேத்துக்கிட்டு வருது. கண்ணாடிக்குள்ள பாதி உயரத்துக்கு அந்தச் சுண்ணாம்புத் தூள். உப்புத்தண்ணி சூடாகுறப்போதான் சுண்ணாம்பைக் கக்கும், வீட்டு கெய்சர்ல பாக்குறதுதான்.

அப்புறம் மாத்தினோம். சோலார் சுத்துல சாஃப்ட்னர் தண்ணி (சுண்ணாம்பு உப்பை எடுத்துட்ட தண்ணி), அது மூடின சுத்து, அதே தண்ணிதான் திரும்பத் திரும்ப ஓடும். நடுவுல ஒரு பிளேட், அந்தப் பக்கம் கழுவுற தண்ணி, அதுவும் சாஃப்ட்னர் வழியா. பிளேட் வச்சதுல 4, 5 டிகிரி இழப்புதான், ஒத்துக்கிறேன், ஆனா பிளேட்டைக் கழட்டி ஆசிட்ல ஊற வச்சு மாட்டிரலாம், ரெண்டு மணி நேர வேலை. டியூபை அப்படிப் பண்ண முடியாது. இதை முதல் நாளே செஞ்சிருந்தா ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம்.

மத்தியானம் கரண்ட் போனா என்ன ஆகும்?

சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாதே. பம்ப் நின்னா டியூபுக்குள்ள நிக்குற தண்ணி கொதிக்க ஆரம்பிக்கும், ரிலீஃப் வால்வு வழியா புஸ்ஸுனு ஸ்டீம் வரும், அது வரணும், வராம அடைச்சு வச்சாத்தான் ஆபத்து. எங்களுக்கு ஒரு தடவை சித்திரை மாசத்துல மத்தியானம் 1 மணிக்குப் போன கரண்ட் ரெண்டு மணி நேரம் வரல. தண்ணி ஆவியாகி மேல் வரிசை டியூப் காஞ்சுருச்சு. கரண்ட் வந்ததும் புது ஹெல்பர் பையன் பதறிப்போய் பச்சைத் தண்ணி வால்வைத் திறந்துட்டான். மேல இருந்து டப் டப்னு சத்தம், தீபாவளி மாதிரி. 11 டியூப் போச்சு. காஞ்ச டியூப் உள்ள 200 டிகிரி தாண்டி இருக்கும், அதுல 28 டிகிரி தண்ணி பட்டா கண்ணாடி எப்படி நிக்கும்? பையன் மேல தப்பே இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல.

இப்போ சுத்துற பம்புக்கு மட்டும் தனியா ஒரு சின்ன இன்வெர்ட்டர் பேட்டரி. அரை எச்பி பம்புதான், பெருசா இழுக்காது. கன்ட்ரோலர் ஒண்ணு, கலெக்டர் சூடு டேங்க் அடிச் சூட்டைவிட 8 டிகிரி ஏறினா பம்ப் ஓடும், 3 டிகிரிக்குக் குறைஞ்சா நிக்கும். வால்வுக்குப் பக்கத்துல பெருசா ஒரு போர்டு: காஞ்சு போச்சுன்னா சாயங்காலம் 6 மணி வரைக்கும் தண்ணி விடாதே.

பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவாரா?

100 டிகிரிக்குக் கீழ தண்ணி சூடு பண்ற அமைப்பு பாய்லர் சட்டத்துல பாய்லர்னு கணக்கே இல்ல, அதனால டியூப், பிளாட் பிளேட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல. டிஷ் வச்சு பிரஷர் ஸ்டீம் எடுக்கப் போனீங்கன்னா டிரம், வெல்டிங், சேஃப்டி வால்வு எல்லாம் சட்டத்துக்குள்ள வரும், சர்டிபிகேட் இல்லாத டிரம்மை மலிவா குடுக்குறேன்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே எந்திரிச்சு வந்துருங்க.

ஹீட் பம்ப் போட்டா சோலாரே வேண்டாமே?

பாதி நிஜம். பால் பண்ணையில ஒரு விசித்திரம் இருக்கு பாருங்க, ஒரு பக்கம் பாலை 4 டிகிரிக்கு இறக்க கம்ப்ரஸர் ஓட்டி அதுல வர்ற சூட்டை கூலிங் டவர் வழியா ஆகாசத்துக்கு விடுறோம், இன்னொரு பக்கம் விறகு எரிச்சு சூடு உண்டாக்குறோம். சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்! கம்ப்ரஸர் வெளிய விடுற சூடான கேஸ் வழில ஒரு டீசூப்பர்ஹீட்டர், அதாவது அந்த கேஸ் சூட்டைத் தண்ணிக்கு மாத்துற சாதனம், வச்சாலே 50, 55 டிகிரி தண்ணி சும்மா வரும். சோலாருக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. அப்புறம் சோலார் 55ல இருந்து 75க்கு மட்டும் ஏத்தினா போதும், கலெக்டர் பரப்பு பாதிக்குக் கீழ வந்துரும்.

கரண்ட் பேனலும் ஹீட் பம்பும் சேத்துப் போட்டா பேனல் 20 பங்கு, ஹீட் பம்ப் அதை 3 மடங்கு சூடாக்கும், ஆக 60 பங்கு, டியூபுக்குச் சமமா வந்துருச்சு. லீவு நாள்ல அந்தக் கரண்ட்டை வேற எதுக்காவது திருப்பலாம், டியூப் சூட்டை அப்படித் திருப்ப முடியாது. ஆனா 75, 80க்குப் போறப்போ சாதாரண ஹீட் பம்போட அந்த 3 மடங்கு இறங்கும், விலையும் கூட, கெட்டுப் போனா சரி பண்ண ஊர்ல ஆளும் கம்மி. டியூப் உடைஞ்சா எங்க பாய்லர்க்காரரே மாத்திருவார். இன்னைக்குப் புதுசா ஆரம்பிக்கிற பெரிய பிளான்ட்டா இருந்தா நான் ஹீட் பம்ப் கொட்டேஷனும் வாங்கிப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்.

அதே வெயிலை வச்சு பாலைக் குளிர வைக்கலாமா?

அப்சார்ப்ஷன் மிஷின்னு இருக்கு, சூட்டைக் குடுத்தா குளிர் தரும். பெரிய கட்டடத்துல ஏசிக்கு ஓடுற ஜாதி தண்ணியை 6, 7 டிகிரிக்குத்தான் இறக்கும், பாலுக்கு 4 வேணும், அதுக்கு 1, 2 டிகிரி ஐஸ் தண்ணி வேணும். அம்மோனியா ஜாதி இறக்கும், ஆனா சின்ன பண்ணைக்கு அது யானை கட்டித் தீனி போடுற வேலை. பகல்ல பேனல் கரண்ட்ல ஐஸ் பேங்க், அதாவது ஒரு தொட்டில ஐஸ், கட்டி வச்சு சாயங்காலப் பாலுக்குச் செலவு பண்றது சுலபம்.

பால்கோவா போடுறவங்களுக்கு இது உதவுமா?

கோவா சுண்டுறதுக்கு அடுப்போட கடுஞ்சூடு வேணும், டியூப் தண்ணி அங்க எடுபடாது. வேணும்னா பச்சைப் பாலை 70 வரைக்கும் ஏத்திட்டு சட்டிக்கு மாத்தலாம், ஆனா சுண்டுற வேலையில பெரும்பங்கு தண்ணியை ஆவியாக்குறதுக்கே போகுது, அதனால மிச்சம் ரொம்ப வராது. கழுவுறதுக்கு மட்டும் 500 லிட்டர் வீட்டு மாடல் போட்டா போதும்.

கொட்டேஷன் வந்திருக்கு, எதைப் பாக்கணும்?

"90 டிகிரி கேரண்டி"னு போட்டிருந்தா எத்தனை லிட்டர், எந்த மாசம், உள்ள போற தண்ணி எத்தனை டிகிரின்னு எழுதித் தரச் சொல்லுங்க, 100 லிட்டரை யார் வேணா 90க்கு ஏத்தலாம். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் சூடுன்னு ஒரு நம்பர் கேளுங்க, அதைக் காட்ட ஒரு ஃப்ளோ மீட்டரும் ரெண்டு தெர்மாமீட்டரும் கொட்டேஷன்லயே சேக்கச் சொல்லுங்க. மீட்டர்னு சொன்னதும் சில பேர் முகம் மாறும், அதுலயே ஆள் யார்னு தெரிஞ்சுரும். பிளாட் பிளேட்டுன்னா ஐஎஸ் 12933 முத்திரை இருக்கான்னு பாருங்க. டேங்க்கை மாடில வைக்கிறேன்னா தலையாட்டாதீங்க, 6,000 லிட்டர்னா 6 டன், ஆஸ்பெஸ்டாஸ் கூரை பண்ணைல கலெக்டரையே இரும்புச் சட்டத்துல தனியா நிறுத்தணும். 100 சதுர மீட்டர் கலெக்டருக்கு ஒண்ணுக்கொண்ணு நிழல் விழாம, ஆள் நடக்க வழி விட்டு, 170, 200 சதுர மீட்டர் இடம் வேணும். தெக்கு பாத்து 15 டிகிரி சாய்வு போதும் நம்ம ஊருக்கு. ஸ்பேர் டியூப் 10 கையில வாங்கி வச்சுக்குங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி, ஒரு வாரம் உங்க சுடுதண்ணி லைன்ல ஒரு வாட்டர் மீட்டர் மாட்டி எந்த மணிக்கு எத்தனை லிட்டர் போகுதுன்னு எழுதுங்க. நாங்க 9,000 லிட்டர் ஆகுதுன்னு நினைச்சுட்டு இருந்தோம், மீட்டர் வச்சா 5,000தான். மிச்சம் கிரேட் கழுவுற இடத்துல மூடாம விட்ட ஹோஸ் பச்சைத் தண்ணி!

வீட்டு சோலார் ஹீட்டர் அஞ்சாறு வாங்கி சேத்துப் போட்டா மலிவா முடியாதா?

2,000 லிட்டருக்குக் கீழ தேவைன்னா முடியும், நிறைய சின்ன பண்ணை அப்படித்தான் ஓடுது. வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணா மாட்டாதீங்க, முதல் டேங்க் பச்சையாவே நிக்கும், கடைசி டேங்க் மட்டும் கொதிக்கும். எல்லா டேங்க்குக்கும் பைப்பு நீளம் சமமா வர்ற மாதிரி பக்கத்துப் பக்கத்துல இணைக்கணும், இல்லாட்டி தண்ணி குறுக்கு வழி பாத்து கிட்ட இருக்கிற டேங்க் வழியாவே ஓடிரும். அதுக்கு மேல தேவைன்னா பெரிய டேங்க், பம்ப் வச்ச அமைப்புக்கே போயிருங்க, பிளம்பர் கூலியிலயே மிச்சம் கரைஞ்சுரும்.